பேர் எழுதாத பிராது

விருத்தாசலம்
9-9-2002

தம்பி கொளஞ்சிநாதனுக்கு அக்கா பாஞ்சாலை எழுதுவது.

நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாக இருக்கிறவன் தோற்றுப் பதினாறு நாள் ஆகியும் வீட்டுப் பக்கம் வராமல் இருப்பானா?

உன் மாமா மட்டும் மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். பையை வைத்தார், "தோத்துட்டான்" என்றார், அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷமாக உன் கையில் பேண்டேஜ் சுற்றிவிடுகிற மனுஷன். நீ ஜெயித்துவிட்டு வந்தால் பொம்மைப் பட்டறையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுப்பார். இப்போது பிளாஸ்டரில் அச்சு ஊற்றிவிட்டு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறார். நானும் மகள் பிரபாவும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தோம். வாயைத் திறக்கவில்லை.

நடந்ததைப் பக்கத்து வீட்டு சாமிதுரை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இங்கிருந்து வேன் பிடித்துப் பார்க்க வந்தவர்களில் அவரும் ஒருவர். "ரெண்டாவது ரவுண்டுல ரெண்டே வாட்டி வலது கைய வுட்டான். அந்த ஆளு கண்ணு அப்பவே வீங்கிடுச்சி. இன்னொண்ணு வுட்டிருந்தா முடிஞ்சிருக்கும். அதுக்கப்புறம் கைய மடக்கி வச்சிகிட்டான், அடகு வச்ச மாதிரி" என்றார். குத்துச்சண்டையில் ஒன்பது வருஷம் ஹெவிவெயிட் பட்டத்தை வைத்திருந்த நீ, நம் திட்டக்குடிப் பக்கத்து மங்களூரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த வளவனிடம் ஆறாவது ரவுண்டில் விழுந்தாயாம். பத்து எண்ணும்வரை எழுந்திருக்கவில்லையாம். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உன்னை விலை போனவன் என்கிறார்கள். அந்த வழியாகத்தான் நான் தினமும் பொம்மைக்குச் சாயம் பூசும் வேலைக்குப் போகிறேன். தலையைக் குனிந்துகொண்டு போகிறேன். அம்மா செத்தபோதுகூட நான் அப்படிப் போனதில்லை.

உன்னை யாரோ கவிழ்த்துவிட்டார்கள். சோற்றில் எதையாவது கலந்தார்களோ, மிரட்டினார்களோ, எனக்குத் தெரியாது. எல்லாம் தெரிந்தவரிடம் கேட்கப் போகிறேன். வெள்ளிக்கிழமை மணவாளநல்லூர் போய்க் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டிவிட்டு வருகிறேன். அவர் பேரை உனக்கு வைத்தது சும்மாவா? கேட்கட்டும்.

பாஞ்சாலை


வியாசர்பாடி, சென்னை
15-9-2002

அக்கா,

கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. சாப்பிடுகிறேன். ஜிம்மின் பின்னறையில்தான் இருக்கிறேன். நான் உள்ளே வந்தால் பையன்கள் ரேடியோவைச் சத்தமாக வைக்கிறார்கள். பேச வேண்டியதில்லை அல்லவா, அதற்காக. தோற்றவனுக்கு எல்லோரும் இவ்வளவு மரியாதையாக வழி விடுவார்கள் என்று எனக்கு இதற்குமுன் தெரியாது.

கோதண்டபாணி சார் தை மாதம் மறுபடியும் வளவனோடு ஆடச் சொல்கிறார். பந்தயம் நடத்துகிறவர் அவர், ஜிம்மும் அவருடையது. அவர் சொன்னால் சொன்னதுதான். வளவனுக்கு இடது கண் சரியாகத் தெரியவில்லையாம். "அதான் நல்லது, எடது பக்கமா போயி நின்னுக்க" என்றார். ஆட மாட்டேன் என்றேன். சிரித்துவிட்டுப் போனார்.

தோற்றது தோற்றதுதான் அக்கா. யாரும் எதையும் கலக்கவில்லை. பிராது கட்டாதே. வெள்ளிக்கிழமை போய்விட்டது, தெரியும். மழை பெய்தோ பஸ் வராமலோ நீ போகாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மாமாமேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று அவரிடம் சொல். இந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

கொளஞ்சி


விருத்தாசலம்
27-9-2002

தம்பிக்கு,

மழையும் பெய்யவில்லை, பஸ்ஸும் வந்தது. கட்டிவிட்டேன்.

என்ன எழுதினேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். "என் தம்பி கொளஞ்சிநாதனைத் தோற்க வைத்தது யாராக இருந்தாலும், உறவாக இருந்தாலும் அந்நியனாக இருந்தாலும், தொண்ணூறு நாளுக்குள் நீயே விசாரித்துத் தண்டனை கொடு சாமி." எதிராளி பேர் எழுத வேண்டிய இடத்தில் பேர் எழுதவில்லை. எனக்குத் தெரிந்தால்தானே எழுதுவேன். பூசாரி வாங்கிப் படித்துப் பார்த்து, "பேர் இல்லாம கட்டுறியேம்மா, யோசிச்சிக்க" என்றார். நான் யோசித்துவிட்டேன் என்றேன். வேலில் கட்டினார்கள். மார்கழி பிறப்பதற்குள் நாள் முடிகிறது.

போன வாரம் உன் கோதண்டபாணி காரில் வந்தார். நம் தெருவில் அந்தக் கார் திரும்ப இடமில்லாமல் பின்னாலேயே போக வேண்டியதாயிற்று, அது ஒன்றுதான் எனக்குச் சந்தோஷம். மாமாவை வெளியே கூட்டிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் பேசினார். எனக்குக் கேட்கும்படி ஒன்றுதான் சொன்னார்: "அவன் வேணும்னேதான் கைய மடக்கிகிட்டாம்மா. ஏன்னு நீங்களே கேளுங்க."

அதன்பிறகு மாமா இன்னும் மோசம். பட்டறையில் அச்சு வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சூளையில் பலகை தூக்கும் வேலைக்கு மாறிக்கொண்டார். இருபத்தைந்து வருஷம் பிளாஸ்டரில் கையை வைத்திருந்தவர் இப்போது அந்த மாவு மூட்டைப் பக்கமே போவதில்லையாம். பட்டறை முதலாளி என்னிடம் வந்து, வீட்டில் ஏதாவது சண்டையா என்று கேட்கிறார். நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? இந்த வீட்டில் பேசுவதற்கே ஆள் இல்லை.

பிராது கட்டாதே என்று ஏன் எழுதினாய்?

பாஞ்சாலை


கோயம்பேடு, சென்னை
12-10-2002

அக்கா,

விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். ஜிம்மை விட்டு வந்துவிட்டேன். மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்குகிறேன். மூட்டை தூக்கியவன் பட்டம் வாங்கினான், பட்டம் வைத்திருந்தவன் மூட்டை தூக்குகிறான். நீ சிரிப்பாய் என்று எழுதினேன். எழுதி முடித்தபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கண் ஆஸ்பத்திரிக்கு வளவனைப் பார்க்கப் போனேன். அவன் அம்மா கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். நான் யார் என்று தெரியாமல் எனக்கு ஒரு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். கன்னத்து எலும்பு உள்ளே உடைந்திருக்கிறது, இடது கண்ணில் இனி வெளிச்சம் மட்டும்தான் தெரியும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னான். ஆறு வருஷமாக என்னைப்போல் ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தானாம். "அண்ணே, அந்த ரெண்டு அடி மனுசன் கை அடிச்ச மாதிரியே இல்ல" என்றான். புகழ்ந்துதான் சொன்னான். ஆரஞ்சை அவன் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

ஒன்று கேட்கிறேன். பிராதைத் திரும்ப வாங்கிவிடு. ராஜினாமா எழுதிக் கட்டினால் சாமி விட்டுவிடுவார் என்று நீதானே சொல்லியிருக்கிறாய். பேர் எழுதாமல் கட்டியிருக்கிறாய். அது யார்மேல் போய் விழும் என்று உனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது அக்கா. ரிங்கில் எனக்கு இப்படிப் பயம் வந்ததில்லை.

கொளஞ்சி


விருத்தாசலம்
6-11-2002

தம்பிக்கு,

தீபாவளிக்கும் நீ வரவில்லை. அம்மா போனபிறகு நீ இல்லாமல் நான் எண்ணெய்ச் சட்டி வைத்த முதல் தீபாவளி. சுழியம் பத்துப் போட்டேன், எட்டு மிஞ்சியது. மாமா புதுவேட்டியைப் பிரிக்கவே இல்லை. பிரபா ஒரு சரம் வெடித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவள், ஆனால் மண்டையில் இருப்பது களிமண் இல்லை. தப்புச் செய்யாதவனுக்குப் பிராதைக் கண்டு பயம் எதற்கு? நீ பயப்படுகிறாய். வலது கையை நீயேதான் மடக்கிக்கொண்டாய் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியானால் உன்னைக் கவிழ்த்தவன் நீதான். நான் பிராது கட்டியிருப்பது என் தம்பிமேல்தான்.

அப்படியா? ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுது. நான் போய்த் திரும்ப வாங்கிவிடுகிறேன். உன்மேல் ஒன்று வந்து விழுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது. அதற்காக உன் முகத்தில் முழிப்பேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இல்லை என்றால் யார் என்று எழுது. இந்த இரண்டில் ஒன்று எழுதாமல் சாப்பிட்டேன், தூங்கினேன் என்று கடிதம் போடாதே.

பாஞ்சாலை


கோயம்பேடு
20-11-2002

அக்கா,

ஆமாம்.

பணம் வாங்கினேன். வளவன்மேல் பந்தயம் கட்டியிருந்த ஒருவர் கொடுத்தார். ஆறாவது ரவுண்டில் விழ வேண்டும் என்று பேச்சு. மாமாவுக்கு இதில் ஒன்றுமே தெரியாது. அவரிடம் கேட்காதே. ஏற்கெனவே நொந்து போயிருக்கிறார்.

நாள் முடிய இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. நாளைக்கே போய் ராஜினாமா கட்டிவிடு.

கொளஞ்சி


விருத்தாசலம்
30-11-2002

கொளஞ்சிநாதனுக்கு,

கட்டியாகிவிட்டது.

ஊர் சொன்னபோது நான் நம்பவில்லை. ஊரோடு சண்டை போட்டேன். சாமிதுரை பெண்டாட்டியோடு இரண்டு மாதமாகப் பேச்சில்லை. இன்று அவளிடம் போய், "நீ சொன்னதுதாண்டி நெசம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

பொங்கலுக்குச் சீர் அனுப்பாதே. எனக்குத் தாய்வீடு இல்லை.

பாஞ்சாலை


கோயம்பேடு
12-1-2003

அக்கா,

அனுப்பாதே என்று எழுதியும் அனுப்பினேன். புடவை ஒன்று, வெண்கலப் பானை ஒன்று, பிரபாவுக்கு ஒரு சுடிதார். பார்சல் நேற்றுத் திரும்பி வந்தது. வாங்க மறுத்துவிட்டார் என்று சிவப்பு மையில் எழுதி, அப்படியே தையல் பிரியாமல் வந்தது. நீ பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. தங்கியிருக்கும் அறையில் நாலு பேர். அவர்கள் எல்லோரும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். பானை என் தலைமாட்டில் இருக்கிறது.

கோதண்டபாணி ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். தை இல்லாவிட்டால் மாசி என்கிறார். ஒரு கண் தெரியாதவனை நான் நாலு ரவுண்டில் முடித்துவிட வேண்டுமாம், அப்போதுதான் என்னை மலேசியாவுக்கு ஆட அழைத்துப்போக முடியுமாம். முடியாது என்று சொல்லியனுப்பினேன். இனி எந்தக் கையையும் யார்மேலும் நான் வைக்கப் போவதில்லை.

பதில் போட வேண்டாம். இங்கே பேச ஆள் இல்லை, அதனால் எழுதினேன். மாட்டுப்பொங்கலன்று மாமா முதுகில் மஞ்சள்தண்ணீர் ஊற்ற மறக்காதே. யாராவது ஊற்ற மாட்டார்களா என்று அவர் வேலையே இல்லாமல் வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பார்.

கொளஞ்சி


விருத்தாசலம்
19-1-2003

என் தம்பிக்கு,

காணும் பொங்கலன்று நாங்கள் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். கொளஞ்சி மாமா அனுப்பியதை ஏன் திருப்பி அனுப்பினாய் என்று பிரபா கேட்டாள். காசுக்கு விழுந்தவன் வாங்கிக் கொடுத்ததை நான் கட்டுவேனா என்றேன். உன் மாமா பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து எங்கள் எதிரே நின்றார்.

"அவன் காசு வாங்கல. நான்தான் அவன் கைக்கட்டுல பிளாஸ்டர் மாவத் தூவுனேன்" என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். உன் வலது கை விரல்முட்டி முன்பே உடைந்து சேர்ந்தது, இந்தப் பந்தயத்தோடு போய்விடும், நாலு ரவுண்டுக்குள் முடிக்காவிட்டால் மலேசியா கிடையாது, அதற்குமேல் உன்னைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் முடியாது என்று கோதண்டபாணி ஒரு வாரம் அவரை அரித்திருக்கிறார். உங்கள் பட்டறை மாவுதானே, உள்சுற்றில் தூவினால் உன் கைக்குப் பலம், எதிராளிக்கு ஒன்றும் ஆகாது என்றிருக்கிறார். இவர் டிபன் டப்பாவில் மாவை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். பரிசோதிக்கிறவர் மேல்சுற்றைத்தான் பார்த்துக் கையெழுத்துப் போட்டாராம். உன்னிடம் அவர் சொல்லவே இல்லையாம். பந்தயம் முடிந்ததும் நீ யாரையும் தொடவிடாமல் கைக்கட்டை நீயே அறுத்துக் கக்கூஸில் போட்டபோதுதான் உனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்ததாம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தீர்களாம். அவ்வளவுதானாம். அதற்குப்பிறகு மறுபந்தயம் ஆட நீ ஒப்புக்கொள்ளாவிட்டால் மாவு தூவியது இவர்தான் என்று வெளியே சொல்லிவிடுவேன் என்று கோதண்டபாணி இவரையும் மிரட்டியிருக்கிறார், உன்னையும் மிரட்டியிருக்கிறார்.

எனக்கு யார்மேல் கோபம் அதிகம் என்று இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன்மேல்தான். என் புருஷன் செய்தது பாவம், அதைப் பாவம் என்று அவருக்கே தெரியும். நீ செய்தது என்ன? என் வீடு உடையக்கூடாது என்று எனக்கு ஒரு பொய்யை எழுதி அனுப்பினாய். நான் அதை நம்பி, உன்னைக் காறித் துப்பினேன். தாய்வீடு இல்லை என்று எழுதினேன். தெருவில் போய்ச் சொன்னேன். ஒரு பக்கம் தம்பியைத் திட்டிக்கொண்டே மறுபக்கம் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு எது தாங்கும், எது தாங்காது என்று நீங்கள் இரண்டு ஆம்பிளைகளும் உங்களுக்குள் முடிவு செய்துகொண்டீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

"மங்களூர் போங்க. அந்தப் புள்ள மொகத்தப் பாத்து சொல்லுங்க. சொல்லாம இந்த வூட்டுப் படி ஏறாதீங்க" என்றேன். நேற்றுக் காலை திட்டக்குடி பஸ்ஸில் போனார். இதுவரை வரவில்லை. வளவன் வீட்டில் என்ன செய்தார்களோ, போலீசுக்குப் போனார்களோ, தெரியாது. வருவாரோ மாட்டாரோ. பிரபா என்னோடு பேசவில்லை. இப்போது என் பக்கத்தில் யாருமே இல்லை தம்பி. ஆனால் யாரும் பொய் சொல்லவும் இல்லை.

நீ தப்பே செய்யாமல் எல்லாப் பழியையும் சுமந்தாய். வா. காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். ஒன்றுமட்டும் எனக்கு விளங்கவில்லை. மாமா உன்னிடம் சொல்லவில்லை என்கிறார். கையுறைக்குள் இருப்பது உனக்கு எப்படித் தெரிந்தது? எப்போது தெரிந்தது?

அக்கா


கோயம்பேடு
23-1-2003

அக்கா,

எப்படி என்பதைச் சொல்வது சுலபம். பதினாலு வயதில் மாமாதானே என்னைப் பட்டறைக்குக் கூட்டிப்போனார். நாலு வருஷம் அவர் பக்கத்தில் நின்று அச்சு ஊற்றினேன். ஈரம் பட்ட பிளாஸ்டர் இறுகும்போது சுடும். அந்தச் சூடு தனி. வியர்வைச் சூடு விரல் இடுக்கில் இருக்கும், வந்து வந்து போகும். இது விரல்முட்டிக்குமேல் ஒரே இடத்தில் நின்று மெதுவாக ஏறும், பிறகு பிடிக்கும். வேறு ஊர்க்காரன் கையாக இருந்தால் தெரிந்திருக்காது. கையுறைக்குள் என் வியர்வையிலேயே அது இறுகியது. விரலை விரித்துப் பார்த்தேன், விரியவில்லை. மாமா முகத்தைப் பார்த்தேன். அவர் தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எப்போது என்றும் கேட்டிருக்கிறாய். அதை நீ கேட்காமல் இருந்திருந்தால் நான் நல்லவனாகவே வீட்டுக்கு வந்திருப்பேன்.

முதல் ரவுண்டு முடிந்து நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது தெரிந்தது. இரண்டாவது ரவுண்டு அப்போது தொடங்கவில்லை.

அந்த இரண்டு குத்தும் தெரிந்து விட்டவை அக்கா. முதல் ரவுண்டில் அவன் என்னை இரண்டு தடவை கயிற்றில் சாய்த்திருந்தான். எனக்கு மூச்சு வாங்கியது. இவனிடம் தோற்றுவிடுவேன் என்று முதல்தடவையாகத் தோன்றியது. கையில் இருப்பது என்ன என்று தெரிந்துதான் எழுந்து போனேன். ஒன்று விட்டேன். நின்றான். அதே இடத்தில் இன்னொன்று விட்டேன். அதன்பிறகு அவன் நான் இல்லாத பக்கம் திரும்பி என்னைத் தேடினான். அப்போதுதான் கையை மடக்கினேன். அதுவரைக்கும் மடக்கவில்லை.

உன் வீட்டுக்காகப் பொய் சொன்னேன் என்று எழுதியிருக்கிறாய். பாதி அதுதான். மீதி என்னவென்றால், பணம் வாங்கித் தோற்றவன் என்று ஊர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. நான் செய்ததைவிட அது சின்னக் குற்றம். நீ என்னைத் துப்பியபோதெல்லாம், இவ்வளவோடு போகிறதே என்று உள்ளுக்குள் ஆறுதல்கூட இருந்தது.

மாமா இந்நேரம் வளவனிடம் எல்லாம் தன் தவறு என்று சொல்லியிருப்பார். எனக்கு எப்போது தெரிந்தது என்பது அவருக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு நான் மங்களூருக்கு பஸ் ஏறுகிறேன். அவர் அங்கே இருந்தால் பக்கத்தில் நின்று சொல்கிறேன். இல்லாவிட்டால் தனியாகச் சொல்கிறேன். ஆரஞ்சு உரித்துக் கொடுத்த அந்த அம்மாளும் இருக்கும்போதே சொல்கிறேன்.

அதன்பிறகு நான் வீட்டுக்கு வரலாமா என்பதை, இதைப் படித்தபிறகு நீ சொல்.

கொளஞ்சி